அறிவுச் சுரங்கத்துக்கு ஒரு வாசகி

திண்டுக்கல்லில் ஒரு சொட்டுநீர்ப் பாசனக் கம்பெனியில் ஏழு வருடம் வேலை பார்த்தேன். அந்த ஏழு வருடத்தில் வயலில் இறங்கியது ஒரே ஒரு நாள். மற்ற நாளெல்லாம் பழனி ரோட்டில் ஓர் உரக்கடைக்கு மேல்மாடியில், மின்விசிறிக்கு நேர் கீழே, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். செடிக்குத் தண்ணீர் எப்படிப் போகவேண்டும் என்று ஊருக்கே பாடம் எழுதியவன் நான். என் வீட்டில் இருந்த ஒரே துளசிச் செடி, நான் தண்ணீர் ஊற்ற மறந்து பட்டுப்போனது.

விலைப்புள்ளி அடிப்பது, மானிய விண்ணப்பம் அடிப்பது, வயல் வரைபடத்தைப் பிரிண்ட் எடுப்பது, இவ்வளவுதான் என் வேலை. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் ஆறு மாதம் படித்து வாங்கிய சான்றிதழைக் கண்ணாடி போட்டு என் மேசைக்குப் பின்னால் மாட்டியிருந்தேன். வருகிற விவசாயிகள் அதை ஏதோ சாமி படம் என்று நினைத்திருக்கலாம். அந்தப் படிப்பில் வெப் டிசைன் என்று ஒரு பாடம் இருந்தது. அதை வைத்து ஒருநாள் என்னை யாரென்று காட்டவேண்டும் என்று ரொம்ப நாளாகக் காத்திருந்தேன். என்னை டைப்பிஸ்ட் என்று யாராவது சொன்னால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

இரண்டாயிரத்து நான்கு வாக்கில் அந்த வாய்ப்பு வந்தது. ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரரான எங்கள் மேனேஜர் கோயம்புத்தூரில் ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தார். கம்பெனி ஆட்களுக்குத் தெரிந்த விஷயமெல்லாம் அவரவர் மண்டைக்குள்ளேயே இருப்பதாகவும், ஒருவர் வேலையை விட்டுப் போனால் அதுவும் சேர்ந்து போய்விடுவதாகவும், அதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிவைக்க வேண்டும் என்று அங்கே பேசினார்கள் என்றும் சொன்னார். அவர் முடிக்கவில்லை, நான் எழுந்து நின்றுவிட்டேன். அலுவலகத்துக்குள் மட்டும் திறக்கிற மாதிரி ஒரு வெப்சைட் செய்து தருகிறேன், ஒரு மாதம் கொடுங்கள் என்றேன். அவர் தலையாட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதற்கு நான் வைத்த பெயர் ‘அறிவுச் சுரங்கம்’. இன்றைக்குச் சொல்லும்போது காது சூடாகிறது. அந்தப் பெயர் சிவப்பிலும் பச்சையிலும் மாறிமாறி மின்னியது. அதன் கீழே ‘வருக வருக’ என்று ஒரு வரி வலமிருந்து இடமாக ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு மூலையில் பூமி உருண்டை சுற்றியது. இன்னொரு மூலையில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணும் பெட்டி. முதல் வாரத்தில் அது இருநூறைத் தாண்டியபோது மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டிப் பீற்றிக்கொண்டேன். அலுவலகத்தில் இருந்தது பதினோரு பேர். நான் அழகு பார்க்கத் திறந்த ஒவ்வொரு முறையும் அந்தப் பெட்டி என்னையும் ஓர் ஆளாக எண்ணியது.

சுரங்கம் தயார், உள்ளே போட அறிவுதான் இல்லை. அது இருந்தது எங்கள் பீல்டு ஆட்களிடம். ஏழு பேர், ஏழு மோட்டார் சைக்கிள், ஆளுக்கொரு பக்கம். அவர்களிடம் ஒரு படிவம் அச்சடித்துக் கொடுத்தேன். பிரச்சினை என்ன, தீர்வு என்ன என்று இரண்டே கேள்வி. ஒரு வாரம் கழித்து வந்ததில் ஒன்று எனக்கு இன்னும் மனப்பாடம். பிரச்சினை: தண்ணீர் வரவில்லை. தீர்வு: வரவைக்கப்பட்டது. கீழே கையெழுத்து, தேதி. மற்ற ஆறும் இதைவிடச் சுருக்கம். மேனேஜர் கண்ணில் படப்போகிற தாளில் தாங்கள் தடுமாறிய கதையை எழுத அவர்களுக்கு என்ன பைத்தியமா?

உண்மையான பேச்செல்லாம் மாடியில் நடப்பதில்லை. சனிக்கிழமை மீட்டிங் முடிந்ததும் ஏழு பேரும் கீழே டீக்கடை பெஞ்சுக்கு இறங்கிவிடுவார்கள். எந்த ஊர்த் தண்ணீரில் உப்பு, எந்தக் கிணற்றில் பாசி, எவன் குழாயை எலி கடித்தது, பில்டரைத் தலைகீழாக மாட்டிவிட்டு எப்படிச் சமாளித்தார்கள் என்பதெல்லாம் வடையும் கையுமாக அங்கேதான் வெளியே வரும். நானும் ஒரு நோட்டோடு போய்ப் பெஞ்சு நுனியில் உட்கார்ந்தேன். நோட்டைத் திறந்ததுதான் தாமதம், அதுவரை எலியைத் திட்டிக்கொண்டிருந்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “அதாவது, சொட்டுநீர்ப் பாசனமானது” என்று மேடைப்பேச்சுக்கு மாறினார். அதற்குப் பிறகு நோட்டை மூடிவைத்துக் கேட்டுவிட்டு, மாடிக்கு ஓடிவந்து எழுதிக்கொள்ள ஆரம்பித்தேன்.

அப்படிக் கேட்டதில் ஒன்று ஆசிட் விடுவது. உப்புத் தண்ணீர் ஓடும் சொட்டுக் குழாய்களில் நாளடைவில் வெள்ளைக் காறை படிந்து, தண்ணீர் சொட்டும் துளைகள் அடைத்துக்கொள்ளும். குழாயில் கொஞ்சம் ஆசிட்டைத் தண்ணீரோடு கலந்து விட்டு, ஒருநாள் அப்படியே வைத்தால் காறை இளகும். ஏழு பேரிலும் மூத்தவர், எரியோடு ஊர்க்காரர், இதை அரைமணி நேரம் சொன்னார். நடுவில் ஆசிட் கேன் வாங்கப் போன கதை, தோட்டத்து நாய் துரத்திய கதை, கால்சட்டையில் ஓட்டை விழுந்த கதை. நடுநடுவே, கடைசியில் ஒவ்வொரு வரிசைக் குழாயின் நுனி மூடியையும் கழற்றிவிட்டு அழுக்கெல்லாம் வெளியே போகும்வரை தண்ணீரை ஓடவிடணும் என்று மூன்று தடவை சொன்னார்.

மாடியில் உட்கார்ந்து எழுதினால் ஆறு படிகள் வந்தன. என் பக்கங்களுக்கெல்லாம் ஒரே அமைப்பு: ஐந்து கட்டம், ஐந்து நிறம், ஐந்து படம். திரையைக் கீழே இழுக்காமல் ஒரே பார்வையில் தெரியவேண்டும் என்பது என் கொள்கை. ஆறாவது கட்டம் போட்டால் பக்கம் கீழே வழிந்தது, பார்க்கச் சகிக்கவில்லை. எதை எடுக்கலாம் என்று பார்த்தேன். நுனி மூடியைக் கழற்றிக் கழுவிவிடுவது, சாப்பிட்டபின் கை கழுவுங்கள் என்று சொல்வதுபோல எனக்குப் பட்டது. மூன்று தடவை சொன்னது கிழவரின் பேச்சு வழக்கம் என்று முடிவுகட்டி அதை எடுத்துவிட்டேன். ஐந்து கட்டமும் திரையில் கச்சிதமாக உட்கார்ந்தன. அன்றைக்கு இரண்டு வடை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் என் சுரங்கம் காற்று வாங்கிக் கிடந்தது. பீல்டு ஆட்கள் அதைப் பார்க்கவே இல்லை. அவர்களுக்குத்தான் பெஞ்சு இருக்கிறதே. நான் மாதம் ஒன்றிரண்டு பக்கம் ஏற்றிவிட்டு, படிக்கத் தெரியாத ஜனம் என்று மனதுக்குள் வைதுகொண்டிருந்தேன்.

பிறகு எட்டாவது ஆளாக ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்தார். ஊருக்குள்ளேயே வீடு, கிறிஸ்தவக் குடும்பம், அப்பா பள்ளிக்கூட வாத்தியார். வேளாண்மையில் டிப்ளமோ முடித்தவர். குஜிலியம்பாறைப் பக்கத்தை அவருக்குக் கொடுத்தார்கள். ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலை நிரந்தரம் என்று ஏற்பாடு. ஸ்கூட்டியில் நாளெல்லாம் வெயிலில் அலைந்தாலும் முகம் சுளிக்காத ஆள். சனிக்கிழமை மீட்டிங் முடிந்து ஆண்கள் படியிறங்கும்போது, இவர் மாடியிலேயே உட்கார்ந்து, வேலைக்கார அம்மா கொண்டுவந்து தரும் டீயைக் குடிப்பார். கீழே வரவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வா என்றும் யாரும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் அந்த வயசுப் பெண் டீக்கடை பெஞ்சில் ஆண்களோடு உட்கார்ந்து அப்போது நான் பார்த்ததில்லை, உட்காரவேண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை. நானும் அவரைத் தாண்டித்தான் வடைக்கு இறங்கிக்கொண்டிருந்தேன்.

ஆனால் அவர் தினமும் எட்டு மணிக்கே வந்து ஓரத்துக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அறிவுச் சுரங்கத்தைப் படித்தார். ஒரு நீள நோட்டில் எழுதியும் கொண்டார். அதைப் பார்த்த அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஒரு வாசகி! அவருக்காகவே எழுத்தின் நிறத்தை மாற்றினேன், பூமி உருண்டையை இன்னும் வேகமாகச் சுற்றவிட்டேன். அவர் ஏன் அதைப் படிக்கிறார் என்று மட்டும் ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை. என் எழுத்தின் மகிமை என்று எடுத்துக்கொண்டேன்.

அவருடைய ஐந்தாவது மாதம் சித்திரை வெயிலில் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை மேனேஜருக்குப் போன். குஜிலியம்பாறைக்குப் பக்கத்தில் இரண்டு ஏக்கர் கத்தரி போட்டிருந்த விவசாயி பேசினார். அந்தப் பொண்ணு வந்து ஆசிட் விட்டுவிட்டுப் போனதிலிருந்து குழாயில் சொட்டே இல்லை, நாலு நாளாகக் குடத்தில் ஊற்றிக்கொண்டிருக்கிறோம், பூவெல்லாம் கொட்டுகிறது என்றார். நுனி மூடி கழற்றினீர்களா என்று மேனேஜர் கேட்பது என் காதில் விழுந்தது. இல்லையே, அந்தம்மா அப்படி ஒன்றும் சொல்லவில்லையே என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்திருக்க வேண்டும். மேனேஜர் போனை வைத்துவிட்டு, இளகின காறையெல்லாம் திரும்பத் துளையில போய் உக்காந்துக்கிச்சுங்க, சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியுமுங்க இது என்றார். எனக்குத் தெரியாது. எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அந்தப் பக்கத்தைத் திறந்தேன். ஐந்து கட்டம், ஐந்து நிறம். அடுத்து நான் செய்ததை இத்தனை வருடம் யாரிடமும் விரிவாகச் சொன்னதில்லை. கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, ஆறாவது வரியைச் சேர்த்தேன். அதைவிட வெட்கக்கேடு, பக்கம் கீழே வழிகிறதே என்று எழுத்தைச் சிறிதாக்கி, ஐந்தாவது கட்டத்துக்குள்ளேயே அடக்கினேன். ஒரு மனுஷியின் வேலை போகப்போகிற நேரத்திலும் என் கை அழகு பார்த்தது.

மறுநாள் மீட்டிங்கில் மேனேஜர் நேராக விஷயத்துக்கு வந்தார். ஆசிட் விடும்போது என்ன செய்யவேண்டும் என்று யாரிடம் கேட்டீர்கள் என்று அந்தப் பெண்ணிடம் விசாரித்தார். கம்ப்யூட்டரில் பார்த்ததாகச் சொன்னார். மேனேஜர் அந்தப் பக்கத்தைத் திறக்கச் சொன்னார். திறந்தது நான்தான், வேறு யார். எல்லாரும் பின்னால் வந்து நின்றார்கள். மேனேஜர் கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஐந்தாவது கட்டத்தின் அடியில் விரலை வைத்தார்.

“ஏம்மா, இங்கதான் எழுதியிருக்குதுங்களே. படிக்கலீங்களா?”

அவர் திரையைக் கிட்டே வந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். தான் படிக்கும்போது அந்த வரி இல்லை என்றார். யாரோ பின்னால் சிரித்தார்கள். அவர் பையிலிருந்து நீள நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைப் பிரித்து மேனேஜரிடம் நீட்டினார். ஐந்து படிகள், வாத்தியார் வீட்டுக் கையெழுத்தில், வரி வரியாக. மேனேஜர் நோட்டையும் திரையையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, பார்த்து எழுதும்போது ஒன்றை விட்டுவிட்டீர்கள் என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. இந்த மாதத்தோடு வேறு இடம் பார்த்துக்கொள்வது நல்லது, விவசாயி வயிற்றெரிச்சலை நாம் வாங்கிக் கட்டிக்கொள்ள முடியாது என்றார்.

அந்தப் பெண் அழவில்லை. தன் நோட்டையே ஒருமுறை குனிந்து பார்த்தார். உண்மையிலேயே தான்தான் விட்டுவிட்டோமோ என்று சந்தேகப்படுகிற முகம் அது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அப்போதும் உடனே வாய் திறந்தேன் என்று சொன்னால் பொய். அவர் நோட்டை மூடி, பைக்குள் வைத்து, ஜிப்பை இழுக்கும் வரைக்கும் நான் எலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், கம்ப்யூட்டர் எலியை.

“சார், அந்த வரி நேத்து நான் சேத்தது. அவங்க படிச்சப்போ இல்ல.”

எரியோட்டுக்காரர்தான் முதலில் பேசினார்.

“ஏலே, நான் மூணு தடவ சொன்னேனேடா அத.”

மூன்று தடவை சொன்னதால்தான் எடுத்தேன் என்று எப்படிச் சொல்வது? கட்டம் பத்தவில்லை என்றேன். அது மேனேஜருக்குப் புரியவில்லை, திரும்பக் கேட்டார். ஐந்து கட்டம்தான் அழகாக இருந்தது, ஆறு போட்டால் பக்கம் கீழே இறங்கியது என்று எட்டு ஆண்களுக்கும் ஒரு பெண்ணுக்கும் முன்னால் விளக்கினேன். என் வாழ்க்கையில் நான் கொடுத்த தொழில்நுட்ப விளக்கங்களிலேயே இதுதான் எல்லாருக்கும் தெளிவாகப் புரிந்தது. மேனேஜர் என்னைத் திட்டவில்லை. வேறு இடம் பார்க்கச் சொன்னதை மறந்துவிடுங்கள் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு, நாளைக்கு நீங்களும் கூடப் போய் உங்கள் கையாலேயே சரிசெய்துவிட்டு வாருங்கள் என்று என்னிடம் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காலைப் பூசையை முடித்துவிட்டு அந்தப் பெண் ஸ்கூட்டியில் வந்தார். எரியோட்டுக்காரரை யாரும் கூப்பிடவில்லை, அவரே வண்டியில் என்னை ஏற்றிக்கொண்டு வந்தார். தோட்டத்தில் கத்தரிச் செடிகள் இலையைத் தொங்கப்போட்டு நின்றன. குடத்தில் ஊற்றிய இரண்டு வரிசை மட்டும் கொஞ்சம் நிமிர்ந்திருந்தது. எந்தக் கறுப்புக் குழாயின் நுனியில் மூடி இருக்கும் என்றே எனக்குத் தெரியவில்லை. அந்தப் பெண் குனிந்து காட்டினார். கழற்றியதும் வெள்ளையும் பழுப்புமாகக் கூழ் போல ஒன்று வழிந்து என் செருப்பை நனைத்தது. நான் சாப்பிட்டபின் கை கழுவுவதற்குச் சமமாக நினைத்தது இதைத்தான்.

வரிசை வரிசையாக உட்கார்ந்து, ஒவ்வொரு துளையாகத் தட்டி, ஊதி, அடைப்பு எடுத்தோம். பத்து மணிக்கே என் முதுகு விட்டுப்போனது. அந்த விவசாயி நான் யாரென்று கேட்டார். கம்ப்யூட்டர் பார்க்கிறவர் என்று எரியோட்டுக்காரர் சொன்னார். கம்ப்யூட்டர்க்காரருக்கு இங்கே என்ன வேலை என்று அவர் மேலே கேட்டார். நான் தலையை நிமிர்த்தாமல் குழாயைத் தட்டினேன். மத்தியானம் விவசாயியின் மனைவி எல்லாருக்கும் சோறு போட்டார், தொட்டுக்கொள்ள ஊறுகாய். அந்தம்மா குத்திக்காட்டிச் சொல்லவில்லை, அதனால்தான் இன்னும் வலிக்கிறது.

“வெஞ்சனம் வேற இல்லப்பு. இந்நேரம் கத்திரிக்கா பறிச்சிருப்போம்.”

சாயங்காலம் பாதி வரிசைகளில் சொட்டு விழ ஆரம்பித்தது. மீதிக்குக் கம்பெனி புதுக்குழாய் போட்டுக் கொடுத்தது. முதல் காய்ப்பு போனது போனதுதான். அது அந்தக் குடும்பத்துக்கு என்னால் வந்த நஷ்டம். அதற்குப் பிறகு அந்தப் பெண்ணுக்கு வேலை நிரந்தரமானது.

கடைசி வரிசையில் நானும் அவரும் எதிரெதிராகக் குந்தியிருந்தபோது, இவ்வளவு பெரிய வேலையைச் செய்வதற்கு முன்னால் யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று கேட்டேன். பழியில் ஒரு துண்டையாவது அவர் தலையில் வைத்துவிட வேண்டும் என்ற நப்பாசை அப்போதும் எனக்குள் இருந்திருக்கிறது. அவர் குழாயைத் தட்டிக்கொண்டே சொன்னார்.

“யாராச்சும் வாயால சொல்லியிருந்தா இன்னும் ரெண்டு பேருகிட்டக் கேட்டிருப்பேன் சார். நீங்க எழுதியில்ல வச்சிருந்தீங்க. செஞ்சு பாத்துத்தான எழுதியிருப்பீங்கன்னு நம்பிட்டேன்.”

நான் அடுத்த துளையைத் தட்ட ஆரம்பித்தேன்.

திங்கட்கிழமை உட்கார்ந்து ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பெரிய எழுத்தில் ஒரு வரி சேர்த்தேன். ‘இதை எழுதியவன் இந்த வேலையைச் செய்து பார்த்ததில்லை. செய்தவரைக் கேட்கவும்.’ கூடவே செய்தவரின் போன் நம்பர். மொத்தம் நாற்பத்து மூன்று பக்கங்கள். முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. அந்த வரி தேவைப்படாத பக்கம் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது: பிரிண்டருக்கு மை மாற்றுவது எப்படி.